புழுவைக் கொல்வதற்கு முன் அண்டாவைப் பாருங்கள்

வந்த கடிதம்

காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பல வருடம் சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு, போன ஆண்டு குடும்பத்தோடு பூர்வீக வீட்டுக்கே திரும்பியவர். அங்கே இருக்கும்போது ஆசைப்பட்டு முடியாமல் போன ஒன்றை இங்கே செய்திருக்கிறார்: வளவுப் பத்தியில் (முற்றத்து ஓரத் தாழ்வாரத்தில்) நாலடி நீளத்தில், சுமார் 300 லிட்டர் பிடிக்கும் கடல்நீர்த் தொட்டி. தை மாதம் தொடங்கியது. அதற்குள் 25 கிலோ லைவ் ராக், அதாவது செத்த பவளத்தின் எலும்புக்கூட்டில் கடல் உயிர்கள் குடியேறிய பாறை. விற்றவர் அதை "ராமேஸ்வரம் பக்கம் எடுத்த ஒரிஜினல் சரக்கு" என்று சொல்லிக் கொடுத்தாராம்.

பங்குனியில் ஒரு ராத்திரி கரண்ட் போனபோது தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறார். பகலில் ஒன்றுமே இல்லாத பாறையில் ஏதேதோ ஊர்ந்துகொண்டிருந்தன. இளஞ்சிவப்பில், இரண்டு பக்கமும் வெள்ளை மயிர் வைத்த, விரல் நீளப் புழுக்கள். கறுப்பு நுனிக் கொடுக்கு வைத்த ஒரு மயிர் நண்டு. பாறை இடுக்கிலிருந்து கண்ணாடியில் சுண்டுவது போன்ற "டிக்" சத்தம், ஆள் கண்ணில் படவில்லை. பழுப்பு நிறத்தில் கண்ணாடி போன்ற பூக்கள் நாலு. அவற்றைப் பிளேடால் சுரண்டியிருக்கிறார், இப்போது இருபதுக்கு மேல். சிலந்தி வலை போல இழை விடும் சின்னச் சின்னக் குழாய்கள். அப்புறம், வலைப்பின்னல் போட்டது போல அழகான ஒரு சங்கு. எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே விட்டிருக்கிறாள்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு கிளவுன் மீன் செத்துப்போனது. காலையில் பார்த்தபோது அதன் மேல் நாலைந்து புழுக்கள். போன வாரம் வாங்கி விட்ட இரண்டு கிளீனர் இறாலும் இரண்டே நாளில் செத்தன. மீனைக் கொன்றது புழு, இறாலைக் கொன்றது நண்டு என்று அவர் முடிவு செய்துவிட்டார். நண்பர் ஒருவர் செம்பு மருந்து ஊற்றச் சொல்கிறார். விற்றவர் பூச்சி மாத்திரையைக் கரைத்து ஊற்றச் சொல்கிறார். வீட்டில் அப்பத்தா, "எல்லாத்தையும் எடுத்துக் கொதிக்கிற தண்ணியில போடுடா, எதுவும் மிஞ்சாது" என்று சொல்லிவிட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை அதைச் செய்துவிடலாம் என்று இவரும் இருக்கிறார். அதற்கு முன் என்னைக் கேட்கிறார்: இதில் எது கெட்டது, எது நல்லது? மொத்தத்தையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கலாமா? இந்தப் பாறையை வைத்திருப்பதால் சட்டத்தில் ஏதாவது சிக்கல் வருமா?

இன்றே செய்ய வேண்டியவை

வணக்கம். உங்கள் கடிதத்தைப் படித்தவுடன் எனக்கு மீன்களைப் பற்றிய கவலையை விட உங்கள் வீட்டு மனிதர்களைப் பற்றிய கவலைதான் முதலில் வந்தது. அதனால் நீங்கள் கேட்ட வரிசையை மாற்றிப் பதில் சொல்கிறேன்.

அந்தப் பாறையை எக்காரணம் கொண்டும் கொதிக்க வைக்காதீர்கள். வெந்நீரை மேலே ஊற்றுவதும் கூடாது. நீங்கள் அனுப்பிய ஏழாவது படத்தில், பாறையின் ஒரு ஓரத்தில் சட்டைப் பொத்தான்களை நெருக்கமாக அடுக்கியது போலப் பச்சையும் பழுப்புமாக ஒரு கூட்டம் தெரிகிறது. அதைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை, அழகாக இருப்பதால் சந்தேகம் வரவில்லை போலிருக்கிறது. அவை பவளத்துக்கு உறவான ஸோவாந்திட் என்ற உயிரினம். அவற்றில் சிலவற்றின் உடம்பில் பாலிடாக்சின் என்ற நஞ்சு உண்டு. கடலிலிருந்து மனிதர்களுக்குத் தெரியவந்த மிகக் கடுமையான நஞ்சுகளில் அது ஒன்று. வெந்நீர் பட்டால் நஞ்சு அழிந்துவிடாது. ஆவியோடும் நீர்த்துளியோடும் காற்றில் ஏறி மூச்சில் போகும். காய்ச்சல், உடம்பு வலி, மூச்சுத் திணறல் என்று வீட்டில் இருக்கிற எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வரும். 2018-இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்ட்ஷையரில் ஒரு வீட்டில் தொட்டியிலிருந்து பவளத்தை எடுத்துச் சுத்தம் செய்தபோது, குடும்பத்தாரோடு உதவிக்கு வந்தவர்களும் மருத்துவமனைக்குப் போக வேண்டியதாயிற்று. உங்கள் வீட்டில் வயதானவர் இருக்கிறார், பிள்ளை இருக்கிறாள். அப்பத்தா சொன்னது பாத்திரத்துக்கும் துணிக்கும் சரியான வைத்தியம்தான். இந்தப் பாறைக்கு மட்டும் அது ஆபத்து.

பொத்தான் கூட்டம் அங்கேயே இருக்கட்டும். தொட்டிக்குள் கைவிடும்போது கையுறை போடுங்கள், கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையே விட வேண்டாம், பாறையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவாதீர்கள். இவ்வளவு போதும்.

இரண்டாவது, அந்தச் சங்கு. உங்கள் மகள் எடுத்தது பெரும்பாலும் கூம்பு நத்தை. மேல்பக்கம் அகலமாக இருந்து கீழே குறுகிக்கொண்டே போகும் உருவம், வாய் நீளமான ஒரு கீற்று போல இருப்பது, மேலே வலைப்பின்னல் கோலம் – மூன்றும் படத்தில் பொருந்துகின்றன. எந்த இனம் என்பதை ஒரே ஒரு படத்தை வைத்து நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் இந்தக் குடும்பத்தில் நஞ்சு இல்லாத நத்தை கிடையாது. ஈட்டி போன்ற ஒரு பல்லை நீட்டிக் குத்தும். பெரும்பாலானவை குத்தினால் குளவி கொட்டியது போல வலிக்கும். சில இனங்கள் குத்தி மனிதர்கள் இறந்திருக்கிறார்கள். அதற்கு முறிவு மருந்து இதுவரை இல்லை. இதே குடும்பத்து நத்தை ஒன்றின் நஞ்சிலிருந்துதான் ஸிகோனோடைட் என்ற வலி மருந்து உருவாகி, 2004-இல் அமெரிக்காவில் அனுமதியும் பெற்றது. அவ்வளவு வீரியமான சரக்கு அது. குழந்தைக்கு ஒன்றும் ஆகாமல் போனதற்கு நான் உண்மையாகவே நிம்மதிப்பட்டேன்.

இன்றைக்கே நீளமான இடுக்கியால் எடுத்து, கடல்நீர் நிரப்பிய மூடி போட்ட டப்பாவில் தனியே வையுங்கள். சட்டைப் பையில் போடுவது, உள்ளங்கையில் வைத்துப் படம் எடுப்பது இரண்டும் வேண்டாம். தடித்த முனையைப் பிடித்தால் பத்திரம் என்று சிலர் சொல்வார்கள், நம்பாதீர்கள். யாரையாவது குத்திவிட்டால், குத்திய கை காலை அசைக்காமல் வைத்து, அகலமான கட்டுத்துணியால் குத்திய இடத்திலிருந்து மேலே வரை அழுத்திச் சுற்றி, உடனே 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போங்கள். உதடு மரத்துப்போகிறதா, மூச்சு சிரமமாகிறதா என்று கூடவே இருந்து கவனிக்க வேண்டும்.

இறாலைக் கொன்றது யார்?

உங்கள் கடிதத்தின் நாலாவது பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "வாரா வாரம் மாற்றும் தண்ணீருக்கு உப்பை, வீட்டில் இருக்கும் பழைய பித்தளை அண்டாவில் முதல் நாள் இரவே கலக்கி வைத்துவிடுவேன்." அந்த வரிக்குக் கீழே நான் இரண்டு கோடு போட்டேன்.

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. அதில் உப்புத் தண்ணீர் ஒரு ராத்திரி முழுக்கக் கிடந்தால் செம்பு கரைந்து தண்ணீரில் இறங்கும். மனிதர்களுக்குப் பொருட்டே இல்லாத அளவு செம்பு, இறாலுக்கும் நத்தைக்கும் பவளத்துக்கும் நஞ்சு. இதை அப்பத்தாவிடம் கேட்டுப் பாருங்கள்: ஈயம் பூசாத பித்தளையில் மோரையோ புளிக்குழம்பையோ ஊற்றி வைப்பீர்களா என்று. களிம்பு ஏறிவிடும் என்று உடனே சொல்வார். அதே களிம்புதான் இங்கேயும் வேலை பார்த்திருக்கிறது. புளிக்குப் பதில் உப்பு, அவ்வளவுதான். ஈயம் பூசிய அண்டாவாக இருந்தாலும், பூச்சு தேய்ந்த பழைய பாத்திரத்தை நம்ப முடியாது.

செம்பு இருந்தால் நண்டும் செத்திருக்க வேண்டுமே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. எல்லா உயிரும் ஒரே அளவில் தாங்குவதில்லை. கடையிலிருந்து பையில் அடைபட்டுப் பயணம் செய்து, களைத்து, புதுத் தண்ணீருக்குள் வந்து இறங்கிய இறால்தான் முதலில் விழும். நீங்கள் இறாலை விட்டது தண்ணீர் மாற்றிய மறுநாள் என்று தேதி போட்டு எழுதியிருக்கிறீர்கள். இறாலின் உடம்பு கிழிபடாமல் முழுசாகக் கிடந்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள். நண்டு பிடித்திருந்தால் அப்படிக் கிடந்திருக்காது. என் சந்தேகம் அண்டாவின் மேல்தான். செம்பு அளக்கும் சோதனைப் பெட்டி ஒன்று வாங்கிப் பாருங்கள். பூஜ்யத்துக்கு மேல் எது காட்டினாலும், உணவுத் தர பிளாஸ்டிக் டிரம்மில் ஆர்ஓ தண்ணீர் ஊற்றி உப்புக் கலக்கி நாலைந்து தடவை மாற்றுங்கள், ஃபில்டரில் கார்பன் போடுங்கள். முடிவு தெரியும் வரை புது இறால் எதுவும் வாங்க வேண்டாம்.

இப்போது புரிந்திருக்கும், நண்பர் சொன்ன செம்பு மருந்தை நான் ஏன் வேண்டாம் என்கிறேன் என்று. அது மீனின் மேல் வரும் சில ஒட்டுண்ணிகளுக்குத் தருகிற மருந்து, அதுவும் தனித் தொட்டியில். லைவ் ராக் இருக்கும் தொட்டியில் ஊற்றினால் பாறையில் படிந்துகொள்ளும், எடுப்பது பெரும்பாடு. பூச்சி மாத்திரையும் அப்படியே. அது வேலை செய்தால்தான் ஆபத்து அதிகம்: பாறைக்குள் நூற்றுக்கணக்கில் புழுக்கள் ஒரே நாளில் செத்து அழுகினால், அந்த அழுகலைத் தாங்குவதற்குத் தொட்டியில் ஆள் இருக்காது.

புழுவின் மேல் விழுந்த பழி

நான் மீன் வைத்தியத்துக்கு வந்த புதிதில் ஒரு வீட்டில் இதே காட்சியைப் பார்த்தேன். செத்த மீன், மேலே புழுக்கள். பார்த்தவுடன் புழுவை எல்லாம் பிடித்து எடுக்கச் சொன்னேன். அவர்களும் பத்து நாள் உட்கார்ந்து, ஒன்று விடாமல் எடுத்தார்கள். அடுத்த மாதம் பாறைக்குப் பின்னால் ஒரு மீன் செத்தது யாருக்கும் தெரியவில்லை. தின்று தீர்க்கப் புழுவும் இல்லை. அம்மோனியா ஏறி மிச்ச மீன்களும் போயின. அந்த வீட்டுப் பெரியவர் என்னைத் திட்டவில்லை. அவர் திட்டாமல் இருந்ததுதான் இன்றைக்கும் என் மனதில் இருக்கிறது.

உங்கள் படத்தில் இருப்பது சாதாரண பிரிஸ்டில் புழு. அது துப்புரவுத் தொழிலாளி. நோஞ்சானாகிச் செத்த மீனையும், மிஞ்சிய தீனியையும், பாறை இடுக்கில் நம் கை எட்டாத அழுக்கையும் தின்று தீர்க்கும். நல்ல உடம்போடு நீந்துகிற மீனைத் துரத்திப் பிடிக்க அதனால் முடியாது. உங்கள் கிளவுன் மீன் சாவதற்கு முன் இரண்டு நாள் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வேகமாக மூச்சு வாங்கியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு எடுத்த சோதனையில் அம்மோனியா 0.5. பகலில் தண்ணீரின் சூடு 31 டிகிரி. இந்த மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். கடல்நீரின் காரத்தன்மையாலும் சூட்டாலும் அம்மோனியாவின் நஞ்சு கூடும். சூடான தண்ணீரில் பிராணவாயு குறையும். மீனுக்கு நோயும் இருந்திருக்கலாம், கடலிலிருந்து பிடித்து வரும் கிளவுன் மீன்களுக்கு மூச்சு முட்டவைக்கும் ஒட்டுண்ணி நோய் ஒன்று அடிக்கடி வருவதுண்டு. எப்படியானாலும் புழு வந்தது சாவுக்குப் பிறகு.

செட்டிநாட்டு வீட்டுச் சுவர்களின் கனம் தொட்டிக்கு ஒரு வரம். ஆனால் முற்றத்து வெயில் மதியத்தில் இரண்டு மணி நேரம் நேராகக் கண்ணாடியில் விழுகிறது என்று படமே சொல்கிறது. தொட்டியைப் பட்டாலைப் பக்கம் நிழலுக்கு நகர்த்துங்கள். தண்ணீரின் மேல் ஒரு சின்ன மின்விசிறி ஓடினால் இரண்டு மூன்று டிகிரி குறையும். அப்போது தண்ணீர் வேகமாக வற்றி உப்பு ஏறும், அதனால் தினமும் வற்றிய அளவுக்கு உப்பில்லாத ஆர்ஓ தண்ணீர் விட வேண்டும். போர் தண்ணீர் வேண்டாம்.

புழுக்கள் கூடிக்கொண்டே போகின்றன என்றால் தீனி கூடுகிறது என்று பொருள். மகள் மூன்று வேளை தீனி போடுவதை ஒரு வேளையாக்குங்கள், இரண்டு நிமிடத்தில் மீன் தின்று முடிக்கிற அளவுக்கு. ஒரே மாதத்தில் வித்தியாசம் தெரியும். வெறுங்கையால் மட்டும் புழுவைத் தொடாதீர்கள். அந்த வெள்ளை மயிர் தோலில் ஏறினால் கண்ணாடித்தூள் போல உறுத்தும். ஏறிவிட்டால் செல்லோடேப்பை ஒட்டி உரித்து எடுங்கள்.

பயப்பட வேண்டிய புழு ஒன்றும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நான் பாதி உண்மைதான் சொன்னதாகும். பாபிட் புழு என்பார்கள். மேலே எண்ணெய் சிந்தியது போல வானவில் நிறம், தலையில் ஐந்து உணர்கொம்புகள், கத்தரிக்கோல் போன்ற தாடை, தொட்டவுடன் ரப்பர் போலச் சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளும் வேகம். 2009-இல் இங்கிலாந்தின் நியூகீ நகரத்துக் காட்சியகம் ஒன்றில் மீன்களும் பவளமும் காரணம் தெரியாமல் சேதமாகிக்கொண்டே இருந்தன. கடைசியில் பாறைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தபோது நாலடி நீளத்துக்கு ஒன்று வந்தது. அந்தச் சாயலில் இருக்கும் எல்லாப் புழுவும் கெட்டதில்லை. உங்கள் பதினொரு படத்திலும் அப்படி எதுவும் இல்லை.

மற்றவர்கள்

நண்டு: சந்தேகப்படலாம். உடம்பெல்லாம் மயிர், கொடுக்கின் நுனி கூர்மையாகக் கறுப்பு என்றால் அது வளர வளர மீனையும் நத்தையையும் பிடிக்கப் பார்க்கும். கொடுக்கின் நுனி கரண்டி போலக் குழிந்திருந்தால் பாசியைச் சுரண்டித் தின்னும் வகை, அதை விட்டுவிடலாம். பவளக் கிளைகளுக்குள்ளேயே வாழும் வழவழப்பான குட்டி நண்டுகள் இன்னொரு ஜாதி. அவை தம் பவளத்தைத் தின்ன வரும் நட்சத்திர மீனையே கிள்ளி விரட்டும். உங்கள் நண்டைப் பிடிக்க ஒரு கண்ணாடி டம்ளர் போதும். உள்ளே இறால் துண்டு ஒன்றைப் போட்டு, விளக்கணைத்த பிறகு பாறையில் சாய்த்து வையுங்கள். ஏறி உள்ளே விழும், வழுக்கும் கண்ணாடியில் வெளியே வர முடியாது. பிடித்ததைக் கொல்ல வேண்டாம், கீழே ஃபில்டர் பெட்டியில் விட்டு வளர்க்கலாம்.

"டிக்" சத்தம்: இது இரண்டு பேரில் ஒருவர். பிஸ்டல் இறால் என்றால் அதிர்ஷ்டம். ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக இருக்கும், மணலில் வளை தோண்டும், சில வகைகள் கோபி மீனோடு ஒரே வளையில் குடித்தனம் நடத்தும். மாண்டிஸ் இறால் என்றால் கவனம். காம்பின் மேல் உட்கார்ந்து தனித்தனியே சுழலும் கண்கள், மடக்கி வைத்த முன்கை. அதன் பெரிய வகை ஒன்றின் அடி நொடிக்கு 23 மீட்டர் வேகம் வரை அளக்கப்பட்டிருக்கிறது. நத்தை ஓட்டையும் விரலையும் ஒன்றாகத்தான் பாவிக்கும். சத்தத்தை மட்டும் கேட்டு எது என்று சொல்ல முடியாது. உங்கள் மீன் கணக்கு குறையவில்லை, நத்தை ஓடு உடைந்து கிடக்கவில்லை என்பதால் என் ஊகம் பிஸ்டல் பக்கம். கண்ணைப் பார்க்கும் வரை அந்த இடுக்கில் விரலை விடாதீர்கள்.

கண்ணாடிப் பூக்கள்: உங்கள் தொட்டியில் உண்மையான களை இதுதான். பெயர் ஐப்டேசியா, பூப் போலத் தெரிந்தாலும் ஒரு விலங்கு. பிளேடால் சுரண்டியதில் ஒவ்வொரு துணுக்கும் ஒரு புதுச் செடி போல முளைத்துவிட்டது. நாலு இருபதான கதை அதுதான், உங்கள் தப்பு ஒன்றும் இல்லை, எல்லாரும் முதலில் சுரண்டித்தான் பார்ப்பார்கள். இதற்கு நல்ல மருந்து சுண்ணாம்பு. வெற்றிலைச் சுண்ணாம்பு வேண்டாம், அதில் வேறு என்ன கலந்திருக்கும் என்று தெரியாது. கலப்பில்லாத கால்சியம் ஹைட்ராக்சைடு வாங்கி, கொஞ்சம் ஆர்ஓ தண்ணீர் விட்டுத் தோசை மாவுப் பதத்தில் குழைத்து, தண்ணீர் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, ஊசி இல்லாத சிரிஞ்சால் பூவின் வாய் மேலேயே வையுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு மூன்றுக்கு மேல் வேண்டாம், தண்ணீரின் காரம் எகிறிவிடும். கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்குக் கையுறையும் கட்டாயம். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று உங்கள் ஊர்க் கொத்தனாரைக் கேட்டால் சொல்வார். செம்புப் பிரச்சினை தீர்ந்த பிறகு பெப்பர்மின்ட் இறால் இரண்டு விட்டால் குட்டிப் பூக்களை அவை பார்த்துக்கொள்ளும்.

வலை விடும் குழாய்கள் வெர்மெடிட் என்ற நத்தை. பக்கத்துப் பவளத்துக்குத் தொந்தரவு, மற்றபடி உயிருக்கு ஆபத்தில்லை. குழாயின் வாயைச் சூப்பர் குளூ ஜெல்லால் அடைத்துவிடலாம். கண்ணாடியில் ஓடும் வெள்ளைப் புள்ளிகளும் குதிக்கும் பொடிப் பூச்சிகளும் மீனுக்குத் தீனி. அவற்றைப் பார்த்து நீங்கள் சந்தோஷப்பட வேண்டும்.

பாறையைப் பற்றிய கேள்வி

நான் மீன் வைத்தியம் பார்ப்பவன், வழக்கறிஞன் அல்ல. ஆனாலும் இதை மழுப்ப எனக்கு மனம் வரவில்லை. பாறை உருவாக்கும் கடினப் பவளங்கள் எல்லாம் 2001-லிருந்து 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. சட்டம் 2022-இல் திருத்தப்பட்டபோதும் அங்கேயே வைத்திருக்கிறார்கள். எடுப்பது, விற்பது, வாங்குவது எல்லாமே குற்றம். முதல் அட்டவணை உயிர்களுக்குச் சிறைத் தண்டனை மூன்று முதல் ஏழு ஆண்டு வரை. விற்றவர் பெருமையாகச் சொன்ன "ராமேஸ்வரம் சரக்கு" என்ற வார்த்தைதான் எனக்குக் கவலை தருகிறது. மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா 1986-இல் அறிவிக்கப்பட்டது, மொத்தம் 21 தீவுகள். அவற்றில் இரண்டு கடலுக்குள் போய்விட்டன. பல காலம் பவளத்தை வெட்டி எடுத்ததும் அதற்கு ஒரு காரணம். நம் வீட்டுத் தொட்டிக்காக அங்கிருந்து இன்னும் ஒரு கிலோகூட வரக் கூடாது என்று நான் மனதார நினைக்கிறேன்.

உங்களுக்குத் தெரியாமல் நடந்தது, சரி. "பவளம் செத்துவிட்டது, வெறும் கல்தானே" என்று நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் சமாதானமாக வைத்துக்கொள்ளாதீர்கள். சட்டம் அதன் எலும்புக்கூட்டையும் விட்டுவிடுவதில்லை. பில்லையும், விற்றவரோடு பேசிய செய்திகளையும் அழிக்காமல் வையுங்கள். அந்தப் பாறையை யாருக்கும் விற்கவோ கொடுக்கவோ வேண்டாம். வனச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். அவர் வழியாக ராமநாதபுரத்தில் இருக்கும் வனஉயிரினக் காப்பாளர் அலுவலகத்துக்குத் தெரிவிப்பதே நேரான வழி என்று நான் நினைக்கிறேன். கூம்பு நத்தையை என்ன செய்வது என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

பயந்துபோய் ராத்திரியோடு ராத்திரியாகத் தொண்டிக் கடலிலோ, ஊர் ஊருணியிலோ கொண்டுபோய்க் கொட்டிவிடாதீர்கள். ஊருணி நல்ல தண்ணீர்; உப்பும் செத்த உயிர்களும் அதைக் கெடுக்கும். கடலில் விட்டால் அதோடு என்னென்ன போகும் என்று யாருக்கும் தெரியாது. வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாஃபைக்கஸ் பாசி 2008-இல் குருசடைத் தீவுப் பக்கம் உயிருள்ள பவளத்தின் மேலேயே படர்ந்துகிடந்ததைக் கண்டார்கள். இன்றைக்கும் அதை அகற்றிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இனிமேல் பாறை வேண்டுமென்றால் செயற்கையாகச் செய்த பீங்கான் பாறை கிடைக்கிறது. பாக்டீரியா குடியேற இரண்டு மூன்று மாதம் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். அதோடு அழையா விருந்தாளியும் வராது, வழக்கும் வராது. மொத்தத்தையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். பாறையை என்ன செய்வது என்று அலுவலகத்தில் சொல்கிற வரைக்கும் தொட்டி இப்படியே ஓடட்டும். அண்டாவையும் வெயிலையும் தீனியையும் சரிசெய்தாலே உங்கள் மீன்களுக்கு மூச்சு வந்துவிடும்.

மகளுக்கு

கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் உங்கள் மகள் ஒரு கேள்வி எழுதியிருக்கிறாள்: "இதுங்க எல்லாம் ஏன் ராத்திரி மட்டும் வருது?" கண்ணு, பகலில் மீன் எல்லாவற்றையும் பார்த்துவிடும், பார்த்தால் தின்றுவிடும். மீன் தூங்கிய பிறகு வெளியே வந்தால் உயிர் தப்பிக்கலாம், அதனால்தான். டார்ச் வெள்ளையாக அடித்தால் பயந்து உள்ளே ஓடிவிடும். சிவப்புக் கண்ணாடித்தாளை டார்ச்சில் சுற்றிக் கட்டு. விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்து, கண்ணாடிக்கு வெளியே இருந்து மட்டும் பார். நோட்டில் தேதி, மணி, எந்தப் பாறை, என்ன தின்றுகொண்டிருந்தது என்று எழுது. காலையும் உணர்கொம்பையும் எண்ண முடிந்தால் எண்ணு. பத்து ராத்திரிக் கணக்கை அப்பாவிடம் சொல்லி எனக்கு அனுப்பச் சொல். அந்த "டிக்" யாருடையது என்று நாம் சேர்ந்து கண்டுபிடிப்போம்.